ரோபோ ஓட்டும் பலகை: டிரைவர் ஸ்டேஷன் கட்டும் அணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் உள்ள சில பள்ளி, கல்லூரி ரோபாட்டிக்ஸ் அணிகளுக்கு உதவி செய்து வருகிறேன். மோட்டார், கியர், கோடிங் பற்றியெல்லாம் முதல் நாளிலிருந்தே கேட்பார்கள். ரோபோவை ஓட்டுகிற பலகையை, அதாவது லேப்டாப், கேம்பேட், பட்டன்களைப் பொருத்தி வைக்கும் டிரைவர் ஸ்டேஷனைப் பற்றி மட்டும் போட்டிக்கு முந்தைய வாரம்தான் ஞாபகம் வரும். அப்போது வந்து விழும் கேள்விகளையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் எஃப்.ஆர்.சி. (ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெட்டிஷன்) போட்டியை மனதில் வைத்து எழுதியது. ஃபர்ஸ்ட் அமைப்பு 1992 முதல் நடத்தும் பெரிய ரோபோக்களுக்கான போட்டி அது. அதே அமைப்பு சிறிய ரோபோக்களுக்கு நடத்தும் எஃப்.டி.சி. (ஃபர்ஸ்ட் டெக் சாலஞ்ச்), கல்லூரிகளின் ரோபோகான் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

லேப்டாப் இருக்கிறது, கேம்பேட் இருக்கிறது. அதற்கு மேல் பலகை எதற்கு?

முதல் வருட அணிக்கு அந்த இரண்டே போதும். ஆனால் ஒரு ஆட்டம் முடிந்து அடுத்த அணிகள் களத்துக்கு வர சில நிமிடங்கள்தான் தருவார்கள். அதற்குள் லேப்டாப்பை வைத்து, சார்ஜரைச் செருகி, நெட்வொர்க் கேபிளை மாட்டி, இரண்டு கேம்பேடையும் சரியான வரிசையில் இணைத்தாக வேண்டும். எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒரே பலகையில் பொருத்தி வைத்திருந்தால் தூக்கி வைத்து இரண்டு வயரைச் செருகினால் வேலை முடிந்தது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆட்டம் மொத்தமே ஏறக்குறைய இரண்டரை நிமிடம். அதில் ஓட்டுகிறவர் குனிந்து பட்டனைத் தேடும் ஒவ்வொரு முறையும் ரோபோ கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது. பார்வை களத்திலேயே இருக்க, கை தானாகப் போய் சரியான இடத்தில் விழ வேண்டும். பலகை கட்டுவது இதற்காகத்தான். கீழே சொல்வதையெல்லாம் இந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிதாகக் கட்டலாம்?

சில வருடங்களாக விதி இப்படி இருக்கிறது: நீளம் 60 அங்குலம், ஆழம் 14 அங்குலம், தரையிலிருந்து 6 அடி 6 அங்குலத்துக்கு மேல் எதுவும் நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. களத்தில் நமக்குத் தரும் அலமாரித் தட்டு 12 அங்குலத்தைவிடச் சற்றே அகலமானது. 14 அங்குலத்தையும் முழுதாக எடுத்துக்கொண்டால் பலகை முன்பக்கம் கொஞ்சம் துருத்தும். லேப்டாப் மாதிரி கனமானதை உள்பக்கம் தள்ளி வையுங்கள்.

அந்தத் தட்டின் நடுவில் 54 அங்குல நீளம், 2 அங்குல அகலத்துக்கு வெல்க்ரோ ஒட்டியிருப்பார்கள். மெத்தென்ற பக்கம் அதில் இருக்கும். சொரசொரப்பான பக்கத்தை நம் பலகையின் அடியில் ஒட்ட வேண்டும். மாற்றி ஒட்டிக்கொண்டு போனால் அங்கே போய் முழிக்க வேண்டியதுதான். ரோபோ சுவரில் வந்து மோதினால் தட்டு அதிரும். வெல்க்ரோ இல்லாத லேப்டாப் நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும்.

60 அங்குலம் அனுமதி இருக்கிறதே என்று 60 அங்குலத்துக்குக் கட்டாதீர்கள். இரண்டு பேர் தோளோடு தோள் நின்று ஓட்ட 3 அடி போதும். 5 அடிப் பலகையை ஆட்டோவில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

விதிப்புத்தகம் ஒவ்வொரு ஜனவரியும் புதிதாக வரும். அளவுகளை அதில் சரிபார்த்த பிறகு ரம்பத்தை எடுங்கள்.

எந்தப் பொருளில் செய்வது?

கடலோர ஊர்க்காரர்களுக்கு என் முதல் பதில் 12 மி.மீ. மரைன் ப்ளைவுட். ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண ப்ளைவுட்டின் விளிம்பு ஒரு மழைக்காலம் தாண்டினால் உப்பிக்கொள்ளும், ஸ்க்ரூ போட்ட இடம் தொளதொளவென்று ஆகிவிடும். முழு ஷீட் வாங்கத் தேவையில்லை. கிச்சன் அலமாரி செய்யும் கார்பென்டரிடம் கேட்டால் 3 அடித் துண்டு கட்டாயம் கிடக்கும். அந்த அளவுப் பலகை இரண்டரை கிலோ சுற்றி வரும்.

எடை குறைய வேண்டுமானால் ஏ.சி.பி. (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட். கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவர்களிடம் வெட்டி மிஞ்சிய துண்டுகள் குவிந்திருக்கும். உள்பக்கம் கோடு கீறி மடித்தால் பெட்டி மாதிரி வளையும், பார்க்கவும் நன்றாக இருக்கும். அதில் மர ஸ்க்ரூ பிடிக்காது. போல்ட், வாஷர், நட் போட்டுத்தான் இறுக்க வேண்டும்.

மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். வேண்டவே வேண்டாம், தண்ணீர் பட்டால் கஞ்சி. அக்ரிலிக் பார்க்க அழகு, ஆனால் பட்டனுக்கு ஓட்டை போட்ட இடத்திலிருந்து விரிசல் ஓடும். பெரிய ஓட்டைகள் நிறைய வேண்டுமென்றால் பாலிகார்பனேட் வாங்குங்கள்.

மேலே மேட் கறுப்பு பெயின்ட் அடியுங்கள். அரங்கின் விளக்குகள் பளபளப்பான பலகையில் பட்டு நேராக ஓட்டுகிறவர் கண்ணில் அடிக்கும்.

கேம்பேடா, ஜாய்ஸ்டிக்கா, பட்டன் பலகையா?

நான் சொல்வது: ஓட்டுகிறவருக்குக் கேம்பேட், கை அல்லது லிஃப்ட்டை இயக்கும் இரண்டாமவருக்குப் பட்டன் பலகை. இன்றைய பிள்ளைகளுக்குக் கட்டைவிரல்தான் பழக்கம், அதை மாற்றப் பார்ப்பது வீண். விமானம் ஓட்டுவது போன்ற பெரிய ஜாய்ஸ்டிக்கில் குச்சி நகரும் தூரம் அதிகம் என்பதால் நுணுக்கமாகக் குறிபார்க்க உதவும். ஆனால் ஒரு கை முழுவதையும் அது பிடித்துக்கொள்ளும்.

லாஜிடெக் எஃப்310 வைத்திருக்கும் அணிகள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பின்பக்கம் இருக்கும் சின்ன சுவிட்ச் எக்ஸ் பக்கம் இருக்கட்டும். முன்பக்கம் மோட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. தெரியாமல் விரல் பட்டால் இடது குச்சியும் திசைப் பட்டன்களும் இடம் மாறிக்கொள்ளும். ஒரு பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான் அடையாளம். ரோபோ திடீரென்று இடது குச்சிக்குக் கட்டுப்படவில்லை என்றால் புரோகிராம் கோடைத் திறக்கும் முன் அந்த விளக்கைப் பாருங்கள். அந்தப் பட்டன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் தொல்லை விட்டது.

குச்சியை விட்ட பிறகும் ரோபோ மெதுவாக ஊர்ந்தால் அது கேம்பேட் பழுதல்ல. குச்சி நட்டநடு பூஜ்ஜியத்துக்குத் திரும்புவதில்லை. 0.05 அல்லது 0.1 என்று ஒரு எல்லை வைத்து, அதற்குக் குறைவான மதிப்புகளைக் கண்டுகொள்ளாமல் விடும்படி கோடில் எழுதுங்கள். அப்புறம், குச்சியின் மதிப்பை அதனாலேயே பெருக்கி, குறியை மட்டும் காப்பாற்றிக்கொண்டால் பாதி தள்ளும்போது கால் பங்கு வேகம்தான் வரும். முழுதும் தள்ளினால் முழு வேகம். இடுக்கில் மெல்ல நகர்த்த இது பெரிய உதவி.

பட்டன் பலகையை நாமே செய்ய முடியுமா?

தாராளமாக. ஒரு சனி, ஞாயிறு போதும். வீடியோ கேம் கடைகளில் இருக்குமே, அந்த ஆர்கேட் பட்டன்கள் வாங்குங்கள். 24 மி.மீ., 30 மி.மீ. என்று இரண்டு அளவில் வரும். ட்ரில்லில் வட்டமாக வெட்டும் ஹோல் சா மாட்டி ஓட்டை போடலாம். உள்ளே மைக்ரோசுவிட்ச் இருப்பதால் அழுத்தினால் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும். தொடுதிரையில் இது கிடைக்காது.

மூளைக்கு ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ என்ற சிறு போர்டு. இவற்றில் உள்ள ஏ.டி.மெகா32யு4 சிப் யு.எஸ்.பி.யில் தன்னையே ஒரு ஜாய்ஸ்டிக் என்று கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துகொள்ளும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 அப்படிச் செய்யாது. எல்லோர் கையிலும் ஊனோதான் இருக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கோடே வேண்டாம் என்றால் ஜீரோ டிலே என்ற பெயரில் தயாரான யு.எஸ்.பி. போர்டு கிடைக்கிறது. ஆன்லைனில் வாங்கலாம், அவசரம் என்றால் சென்னை ரிச்சி தெரு.

வயரிங் எளிது. ஒவ்வொரு பட்டனின் ஒரு காலை போர்டின் ஒரு பின்னுக்குக் கொண்டுபோங்கள். இன்னொரு காலை எல்லாப் பட்டன்களுக்கும் சேர்த்துச் சங்கிலியாகக் கிரவுண்டில் இணையுங்கள். அழுத்தாதபோது பின்னை ஒன்றிலேயே பிடித்துவைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் போர்டின் உள்ளேயே இருக்கிறது, அதை இயக்கினால் தனியாக ரெசிஸ்டர் வேண்டாம். பட்டனை அழுத்தினால் அதன் பின்னில் பூஜ்ஜியம் வரும். பட்டன் ஒரு முறை அழுத்தும்போது உள்ளே தகடு சில மில்லிசெகண்ட் துள்ளும். அதனால் ஒரு அழுத்தலை இரண்டாக எண்ணாமல் இருக்க 10 மில்லிசெகண்ட் போலக் காத்திருந்து படியுங்கள். பட்டன் காலில் நேரடியாகச் சால்டர் செய்யாதீர்கள், செருகிக் கழற்றக்கூடிய உலோக முனையான லக் போட்டு மாட்டுங்கள். போட்டி நடுவே ஒரு பட்டன் போனால் இரண்டு நிமிடத்தில் மாற்றலாம்.

முடித்ததும் விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஜாய் டாட் சி.பி.எல். என்று ஆங்கிலத்தில் அடித்தால் எந்தப் பட்டன் எந்த எண் என்று தெரியும். அந்த எண்ணைப் பலகையின் அடிப்பக்கம் மார்க்கரில் எழுதிவிடுங்கள். எஃப்.ஆர்.சி. மென்பொருள் ஒரு கருவிக்கு 32 பட்டன் வரை படிக்கும். 32 பட்டன் வைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

பட்டன்களை எந்த வரிசையில் வைப்பது?

அணிகள் இதற்கு ஐந்து நிமிடம் கூடக் கொடுப்பதில்லை. வாரக்கணக்கில் யோசிக்க வேண்டியது இதுதான்.

ஓட்டை போடும் முன் அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, பட்டன் அளவு வட்டங்களை ஒட்டி, அதை வைத்துப் பழகுங்கள். இரண்டாமவர் நின்றுகொண்டு சுவரைப் பார்க்கட்டும். இன்னொருவர் 'லிஃப்ட் மேலே', 'பந்தை விடு', 'கையை மடக்கு' என்று குரல் கொடுக்கட்டும். விரல் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஒருமுறை முத்தியால்பேட்டைப் பையன் ஒருவன் 'லிஃப்ட் கீழே' என்றதும் விரலை ஒவ்வொரு தடவையும் வட்டத்துக்கு இரண்டு அங்குலம் இடப்பக்கமே வைத்தான். அணியினர் அவனைத் திட்டினார்கள். வட்டத்தைப் பிய்த்து இடப்பக்கம் ஒட்டச் சொன்னேன். அதன் பிறகு தவறவில்லை.

லிஃப்ட் உயரங்களுக்கான பட்டன்களை நிஜத்தில் இருப்பது போலவே கீழிருந்து மேலாக அடுக்குங்கள். இடது பக்கம் நடப்பவை இடது கைக்கு. அதிகம் பயன்படுவது விரல் ஓய்வாக இருக்கும் இடத்தில். தவறி அழுத்தினால் ஆட்டமே போகும் என்கிற பட்டன், ஏறித் தொங்குவது மாதிரியானது, மற்றவற்றை விட்டுத் தள்ளி, மூடி போட்ட டாகிள் சுவிட்சாக இருக்கட்டும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பார்வை களத்தில் இருக்கும்போது நிறத்தால் பயனில்லை, தவிர சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருக்கலாம். தொட்டால் வேறுபட வேண்டும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்றின் தலையில் ஒரு சொட்டு ஹாட் க்ளூ. கீபோர்டில் எஃப், ஜே எழுத்துகளின் மேல் இருக்கும் மேடு எதற்கு என்று கேளுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். அலமாரித் தட்டு தரையிலிருந்து 3 அடிக்குச் சற்று மேலே இருக்கும். உயரம் குறைந்த பிள்ளைக்குப் பலகையும் சேர்ந்தால் அது முழங்கைக்கு மேலே வந்துவிடும், மணிக்கட்டு வலிக்கும். பலகையின் முன்பக்கத்தை ஓட்டுகிறவரை நோக்கிச் சற்றே சரிவாக்கினால் சரியாகும். வீட்டுப் பயிற்சியையும் அதே உயரத்தில், நின்றுகொண்டே செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பழகிவிட்டுக் களத்தில் நின்று ஓட்டினால் கை தடுமாறும்.

லேப்டாப்பில் என்ன பார்க்க வேண்டும்?

எஃப்.ஆர்.சி. டிரைவர் ஸ்டேஷன் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பெரிய விலை லேப்டாப் தேவையில்லை. பேட்டரி நிற்க வேண்டும், யு.எஸ்.பி. துளைகள் ஆடக்கூடாது. நெட்வொர்க் துளை இல்லாத புது லேப்டாப் என்றால் யு.எஸ்.பி. அடாப்டர் இரண்டு வாங்குங்கள், ஒன்று கட்டாயம் காணாமல் போகும்.

அப்டேட்டைப் போட்டி முடியும் வரை நிறுத்திவையுங்கள். தூங்கும் நேரம் 'ஒருபோதும் வேண்டாம்'. மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று மாற்றுங்கள். யு.எஸ்.பி.க்கு மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வசதியை அணையுங்கள், அது கேம்பேடைத் தூங்க வைத்துவிடும். களத்தில் கேபிள் வழியாகத்தான் இணைப்பு, வை-ஃபையை அணைத்துவிடுங்கள்.

கேம்பேடுகளின் வரிசை மாறிப்போவது எல்லா அணிக்கும் வரும் தலைவலி. மென்பொருளின் யு.எஸ்.பி. பகுதியில் ஒவ்வொன்றையும் இழுத்து அதன் இடத்தில் வைத்து, இருமுறை கிளிக் செய்தால் அங்கேயே பூட்டிக்கொள்ளும். நடுவில் வயர் கழன்று மறுபடி செருகினால் எஃப்1 அழுத்துங்கள், மீண்டும் தேடும்.

எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனை நாம் வைக்க வேண்டுமா?

போட்டிக் களத்தில் அவர்களே வைத்திருப்பார்கள். பயிற்சி அறையில் அது உங்கள் லேப்டாப் கீபோர்டுதான்: என்டர் அழுத்தினால் ரோபோ செயலிழக்கும், மறுபடி உடனே இயக்கலாம். ஸ்பேஸ் பார் அழுத்தினால் அவசர நிறுத்தம், அதன் பிறகு ரோபோவின் கன்ட்ரோலரை மறுதொடக்கம் செய்தால்தான் அசையும். வேறு ஜன்னல் திறந்திருந்தாலும் இந்த இரண்டு விசையும் வேலை செய்யும். ஆகவே கீபோர்டு மேல் நோட்டு, பர்ஸ், டிபன் பாக்ஸ் எதையும் வைக்காதீர்கள்.

பயிற்சியின்போது ஒருவருக்கு என்டர் மேல் விரல் வைத்திருப்பதுதான் வேலை. அவர் ஓட்டக்கூடாது, போன் பார்க்கக்கூடாது.

வயர்கள் அடிக்கடி கழன்றுவிடுகின்றன, என்ன செய்வது?

துளைக்கு இரண்டு அங்குலம் முன்பாகவே வயரைப் பலகையோடு கேபிள் டை போட்டுக் கட்டுங்கள், நடுவில் சின்ன வளைவு விடுங்கள். இழுத்தால் இழுவை டையோடு நிற்கும், துளைக்குப் போகாது. கேம்பேட் வயரில் ஓட்டுகிறவர் கையை உயர்த்தும் அளவுக்கு நீளம் விட்டு மீதியைச் சுருட்டி அடியில் கட்டுங்கள். யு.எஸ்.பி. ஹப் வைத்தால் தனி அடாப்டரோடு வருவதை வாங்கலாம். யு.எஸ்.பி. 2.0 துளை ஒன்றுக்கு 500 மில்லிஆம்பியர்தான் கணக்கு. பட்டனுக்குள் விளக்கெல்லாம் வைத்துவிட்டு ஒரே துளையில் எல்லாவற்றையும் தொங்கவிட்டால் ஏதாவது ஒன்று விட்டு விட்டு வேலை செய்யும்.

உப்புக்காற்று, மழை, வியர்வை?

கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பட்டறை இருந்தால் மைக்ரோசுவிட்ச் கால்களில் பச்சை பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். லக்கின் மேல் சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். மாதம் ஒருமுறை யு.எஸ்.பி. முனைகளில் கான்டாக்ட் க்ளீனர் அடியுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம், துருப்பிடித்த ஸ்க்ரூவைப் பிடுங்க ஆகும் நேரத்துக்கு அது எவ்வளவோ மேல். பயன்படுத்தாத நாட்களில் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில், சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் எதையும் தரையில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தண்ணீர் புகுந்த வீடுகளையும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர் பக்கம் பட்ட பாட்டையும் மறந்திருக்க மாட்டீர்கள். எஃப்.ஆர்.சி. ஜனவரியில் தொடங்குவதால் பலகை கட்டும் பயிற்சி வேலை சரியாக மழைக்காலத்தில் வந்து விழுகிறது.

சித்திரை வெயிலில் பயிற்சி என்றால் கை வழுக்கும். கேம்பேடில் பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் கிரிப் டேப்பை ஒரு சுற்று சுற்றலாம். பக்கத்தில் ஒரு கைக்குட்டை.

எஃப்.டி.சி. அணிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதிதான். அங்கே லேப்டாப்புக்குப் பதில் டிரைவர் ஹப் என்ற கையடக்கக் கருவி அல்லது அனுமதிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன், அதோடு அதிகபட்சம் இரண்டு கேம்பேட். விதிப்புத்தகப் பட்டியலில் உள்ள கேம்பேடாக இருக்க வேண்டும், சொந்தமாகச் செய்த பட்டன் பலகைக்கு இடமில்லை. ஹப்பைச் சரிவாக நிறுத்தி வயரைப் பிடித்துக்கொள்ளும் சின்ன ஸ்டாண்ட் ஒன்று போதும். 3டி பிரின்டர் இல்லையென்றால் ப்ளைவுட் துண்டே போதும். ஸ்டார்ட்டும் ஏ-யும் சேர்த்து அழுத்தினால் முதல் கேம்பேட், ஸ்டார்ட்டும் பி-யும் இரண்டாவது. இதை ஸ்டாண்டிலேயே எழுதி ஒட்டுங்கள், பதற்றத்தில் மறந்துபோகும்.

ரோபோகானுக்கு?

கல்லூரி அணிகள் பெரும்பாலும் பி.எஸ்.4 கேம்பேடை ப்ளூடூத்தில் இ.எஸ்.பி.32 என்ற சிறு கன்ட்ரோலர் போர்டுடன் இணைத்து ஓட்டுகின்றன. மேசையே தேவைப்படாது. ஆனால் ஒரே அரங்கில் அத்தனை அணிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும்போது இணைப்பு அறுந்தால் ரோபோ என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். கால் செகண்ட் சிக்னல் வராவிட்டால் எல்லா மோட்டாரும் பூஜ்ஜியம். இதைக் கேம்பேடின் பவரை அணைத்து நிஜமாகவே சோதித்துப் பாருங்கள், சக்கரங்கள் தரையில் படாமல் ரோபோவைக் கட்டை மேல் நிறுத்திவிட்டு.

பட்டனுக்குப் பட்டன் எல்.இ.டி. விளக்கு வைக்கலாமா?

ஒன்று வையுங்கள்: பந்து உள்ளே வந்துவிட்டது என்று சொல்ல. மற்றதெல்லாம் தீபாவளி.

வெளிநாட்டுப் போட்டிக்கு எடுத்துப் போகும்போது?

அமெரிக்காவில் 120 வோல்ட், தட்டையான முள். லேப்டாப் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருக்கும், அதற்கு முனை மாற்றி மட்டும் போதும். யு.எஸ்.பி. ஹப்பின் மலிவு அடாப்டரைப் புரட்டிப் பாருங்கள். 220–240 என்று மட்டும் இருந்தால் அங்கே சரியாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. களத்து அலமாரியின் பிளக்கில் 2 ஆம்பியர்தான் வரம்பு, லேப்டாப்புக்கும் ஹப்புக்கும் தாராளம்.

லேப்டாப்பும் பவர் பேங்க்கும் கைப்பையில் வரட்டும். பலகையைப் பெரிய சூட்கேஸில், பட்டன் பக்கம் உள்நோக்கி, துணிகளுக்கு நடுவே வையுங்கள். 3 அடிப் பலகை சூட்கேஸில் நுழையாது என்றால் நடுவில் இரண்டாக வெட்டி, அடியில் கீலும் மேலே இரண்டு கொக்கியும் போட்டால் மடிந்துகொள்ளும். உபரியாக ஒரு கேம்பேட், நான்கு பட்டன், ஒரு புரோ மைக்ரோ, லக், டை, ஸ்க்ரூடிரைவர், ஒரு சுருள் வெல்க்ரோ. புரோ மைக்ரோவில் கோடை ஏற்றிவிட்டுப் பெட்டியில் போடுங்கள்.